கடுகு பொரிந்த வேளை

உலகச் சண்டைக்காலத்தில் ஒரு பங்குனி மாதம் என் மகள் வடிவுக்கு அம்மை போட்டது. எட்டு வயசுப் பிள்ளை. முகமெல்லாம் முத்து. இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கண்ணைத் திற என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை. திறந்தும் தெரியாமல் போய்விட்டால்?

பாளையம்பட்டியில் எங்கள் தெருவிலேயே அதற்கு முந்தின வருஷம் ஒரு பிள்ளைக்கு அம்மையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வாசலில் உட்கார்ந்து, நடக்கிற சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லும். முன்பெல்லாம் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுப் போவேன். வடிவுக்கு முத்துப் போட்ட பிறகு அந்தப் பக்கமே நான் தலையைத் திருப்பவில்லை.

நிலையில் வேப்பங்குழை செருகியாயிற்று. என் வீட்டுக்காரர் கடையிலேயே படுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் மதினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சட்டம் போட்டாள்.

“ஏ சுப்பம்மா, பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துற வரைக்கும் தாளிச்சிறாதடி. ஆத்தாவுக்கு ஆகாது. அவளுக்குக் கோவம் வந்தா மொதல்ல கண்ணத்தான் கேப்பா.”

“தெரியும் மதினி. நான் என்ன நேத்துப் பெறந்தவளா?” என்றேன் வெடுக்கென்று. என் வாய் அப்படி. உள்ளே வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கஞ்சியும் வெறும் பருப்பும்தான் சாப்பாடு. கடுகு வெடிக்காத வீடு இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்கு எவள் சொன்னாள்? முன்பு அந்தச் சத்தம் கேட்டால் வடிவு தெருவிலிருந்து ஓடி வருவாள். எண்ணெயில் துள்ளின கருவேப்பிலை ஒன்று என் தலையில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரிப்பாள். ‘கூறுகெட்ட கழுதை, இதுல என்னடி சிரிப்பு’ என்று வைவேன். தினமும் வைதேனே, பாவி. அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது.

அன்று காலையில் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். பிள்ளை சுவர்ப்பக்கம் கையை நீட்டித் தடவினாள். அந்தக் கையைப் பிடித்துச் செம்பில் வைத்தேன்.

மத்தியானம் பருப்பை இறக்கும்போதும் அந்தத் தடவின கையேதான் மனசுக்குள் நின்றது. என் கை தன்பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. இரும்புக் கரண்டியை அடுப்பில் வைத்து, எண்ணெய் விட்டு, கடுகைப் போட்டு, கருவேப்பிலையையும் உருவிப் போட்டுவிட்டது. சடசடவென்று வெடித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

“அடி பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!”

கரண்டியை இழுத்துத் தரையில் போட்டேன். வாசம் வீடு முழுக்க ஏறிவிட்டது. உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, பிள்ளை காலடியில் விழுந்தேன். திறந்த கதவு வழியே வெயிலும் என் பின்னாலேயே உள்ளே வந்தது.

“தாயே, மாரியாத்தா, புத்தி கெட்டுச் செஞ்சுட்டேன். என் கண்ண எடுத்துக்கோ. அவ கண்ண விட்டுரு தாயே!”

நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“அம்மா.”

“என்னடா, என் ராசாத்தி?”

“ஒன் தலையில கருவப்பில.”

நிமிர்ந்தேன். வீங்கின இமை கீற்றாகப் பிரிந்திருந்தது. சும்மா பழக்கத்தில் சொல்கிறாளோ? வாசத்தை வைத்துச் சொல்கிறாளோ?

“எங்கடி? எந்தப் பக்கம்? காட்டு!”

முத்துப் போட்ட கை மெதுவாக எழுந்து வந்தது. சுவர்ப்பக்கம் போகவில்லை. நேரே என் இடது காதுக்கு மேலே வந்து தொட்டது. இலை அங்கேதான் இருந்தது.

அவளால் சிரிக்க முடியவில்லை, உதடெல்லாம் புண். நான்தான் அழுதுகொண்டே சிரித்தேன். அடுப்படியில் சூடு ஆறாத கரண்டியில் மிச்சக் கடுகு ஒன்றிரண்டு இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. பொரியட்டும் என்று விட்டுவிட்டேன்.