குறையில்லாத குடம்

செம்பியனுக்குப் பானை உடைக்கக் கை வராது. பானை செய்து பிழைக்கிறவன் எதற்காக அதை உடைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே, கரும்புக் கொல்லையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அவனும் இசைவாணியும் நடத்திய பட்டறையில் அதுதான் பாதி வேலை. அவள் சக்கரத்தில் வனைவாள், இவன் கேஸ் சூளையில் வேக வைப்பான். சூளை ஆறித் திறந்ததும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். கிண்ணென்று கேட்டால் அலமாரிக்குப் போகும். தொப்பென்று கேட்டால் சுத்தியல்தான்.

"ஒரு மயிரிழ வெடிப்பு, யாருக்குடி தெரியப் போவுது? கொறஞ்ச வெலைக்குத் தள்ளிரலாம்" என்று இவன் கெஞ்சுவான்.

"எனக்குத் தெரியும்ல" என்பாள். டப். ஒரே அடி.

அவள் அந்தப் பக்கம் போனதும் செம்பியன் ஒன்றிரண்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். அவளா விடுவாள்? மோப்பம் பிடித்து வந்து எடுத்துப் போட்டு உடைப்பாள். "மண்ண வேக வைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு மனசு மட்டும் வேவல" என்று சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சண்டைதான் சத்தம்.

அப்படிப்பட்டவள் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாள். கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போனவளை, வெள்ளைத் துணி சுற்றித்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். அவளுக்குப் போகிற வயசா? எமனுக்குக் கண் அவிந்து போயிருக்க வேண்டும்.

கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, புருஷனே வைக்கட்டும் என்று முடிவானது. செம்பியனின் பெரியப்பா பொன்னுரங்கம் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "கொள்ளிக்கொடம் வாங்கணும்டா தம்பி. கடைக்கு ஆள அனுப்பட்டுமா?"

செம்பியன் எழுந்தான். "கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையுறதா? எவனோ செஞ்ச கொடத்துலயா அவள அனுப்புவேன்?"

உள்ளே போய் அந்தக் குடத்தைத் தூக்கி வந்தான். ஒடுங்கிய கழுத்து, அகன்ற வயிறு. சிதம்பரத்துக் காபிக் கடைக்காரர் எவ்வளவோ கேட்டும் இசைவாணி விற்காத குடம். "என் கையில குத்தமே இல்லாம வந்தது இது ஒண்ணுதான்" என்று தினமும் அதில்தான் தண்ணீர் பிடித்து வைப்பாள்.

தலைமுறை தலைமுறையாகப் பானை செய்த வீடாக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. இவர்கள் பயிர்வைத்துப் பிழைத்த குடும்பம். தொழிலைப் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டு வந்தவர்கள். சடங்குக்கு எடுப்பது இளஞ்சூட்டில் வெந்த சிவப்புக் குடம், கத்தி முனை பட்டால் பொத்துக்கொள்ளும். கேஸ் சூளையில் வெந்த இது கல்லு. வேக வைத்தவனுக்கே அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. தோன்றுகிற நிலையிலா இருந்தான்?

ஏரிக்கரைச் சுடுகாட்டில் தோளில் தண்ணீர்க் குடத்தோடு அவளைச் சுற்றி வந்தான். முதல் சுற்றில் சடங்கு பார்ப்பவர் கத்தி முனையால் குடத்தைக் கொத்தினார். கிண்ணென்றது. மறுபடியும் கொத்தினார். கத்தி முனைதான் மடங்கியது.

"என்னா சாமி இது, இரும்புல செஞ்சதா?"

இரண்டாவது சுற்றிலும் ஓட்டை விழவில்லை, மூன்றாவதிலும் விழவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. "போவ மனசு வரல பாரு அந்தப் பொண்ணுக்கு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது செம்பியன் காதில் விழுந்தது. வெட்கமில்லாமல் அவனுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. குடம் உடைந்தால்தானே உறவு அறும். உடையவில்லை என்றால்?

"திரும்பாம பின்னால போடு" என்றார் பெரியப்பா. போட்டான். சாம்பல் மண்ணில் தொம்மென்று விழுந்து உருண்டது. உடைந்த சத்தம் கேட்கவில்லை.

இசைவாணியின் அண்ணன் கொளஞ்சியப்பன் சிதம்பரத்திலிருந்து வந்தவர். காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது. பக்கத்தில் கிடந்த கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு குடத்திடம் போனார்.

"மச்சான், வைங்க அத" என்றான் செம்பியன். "அவ பானைய அவளத் தவுர வேற யாரும் ஒடைச்சதில்ல."

"அப்ப யாருதான் ஒடைக்கிறது மாப்ள?"

திரும்பக் கூடாது என்ற இடத்தில் செம்பியன் திரும்பினான். யாரும் தடுக்கவில்லை. குடத்தின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரல் முட்டியால் தட்டினான். கழுத்தில், வயிற்றில், அடியில். ஒரு குறை இருந்தால் போதும், ஒரு மயிரிழை வெடிப்பு, அதைச் சாக்காக வைத்து உடைத்துவிடலாம். எங்கே தட்டினாலும் கிண்ணென்றுதான் கேட்டது.

"குத்தமே இல்ல மச்சான்" என்றான். "என்னான்னு சொல்லி ஒடைப்பேன்?"

கொளஞ்சியப்பன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். "நேரமாவுது மாப்ள. அவ படுத்துக் கெடக்கா" என்றார்.

கல்லை வாங்கினான். கழுத்து வேறு, வயிறு வேறாக வனைந்து ஒட்டுகிற இடம்தான் எந்தக் குடத்துக்கும் வலுக் குறைவு என்று அவள்தான் சொல்லுவாள். அந்த இடத்தில் அடித்தான். முதல் அடிக்குக் கல் தெறித்தது. அடுத்த அடிக்குக் குடம் இரண்டாகப் பிளந்து, ஓரம் சில்லு சில்லாகத் தெறித்தது.

கழுத்து ஒடுங்கியிருந்ததால் உள்பக்கத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அடியிலிருந்து மேல்வரை சுற்றிச் சுற்றி அவள் விரல் ஏறிய தடம் அப்படியே இருந்தது. செம்பியன் தன் விரலை அதில் வைத்தான். அவனுடையது தடித்த விரல், உள்ளே இறங்கவில்லை. அப்போதுதான் அழுதான். காலையிலிருந்து அழாதவன், ஊரே பார்க்க மாடு கதறுவது போல் கதறினான்.

பிறகு கொள்ளி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

சுடுகாட்டிலிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆனால் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவன் நேரே கொட்டகைக்குப் போனான். மடியிலிருந்து அந்த விரல் தடம் பதிந்த சில்லு ஒன்றை எடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தான். போன சூளையில் அவன் ஒளித்துவைத்த வெடிப்புக் கிண்ணம் ஒன்று அங்கேயே கிடந்தது. அவள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அதைத் தேடி வரவில்லை.

சக்கரத்துக்குப் பக்கத்தில் சுத்தியல் இருந்தது. செம்பியன் வாசலைப் பார்த்தபடி பலகையில் உட்கார்ந்தான். சாப்பிட வரச்சொல்லி இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். தொட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.