சாப்பாட்டுக்கு நன்றி, அம்மா

என் சகலை யெப் டென்மார்க்காரன். எங்கள் மாமியார் லம்துவானின் இளைய மகள் சாய்பினைக் கட்டிக்கொண்டு, மீகாங் ஆற்றங்கரையில் எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். மூத்தவளைக் கட்டிய நான் அவனுக்கு முன்பே அங்கே குடியேறியவன். பெயர் சம்ரான், ஐஸ் வண்டி ஓட்டுகிறேன். இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவன் நல்லவன், இன்னொருவன் நான்.

அவனிடம் ஒரு வியாதி இருந்தது. எடுத்ததற்கெல்லாம் நன்றி சொல்வான். தண்ணீர் கொடுத்தால் நன்றி, மழையில் அவன் செருப்பை எடுத்து உள்ளே வைத்தால் நன்றி. சாப்பிட்டு எழும்போது இன்னும் விசேஷம். மாமியாரை நேராகப் பார்த்துக் கைகூப்பி, "சாப்பாட்டுக்கு நன்றி, அம்மா" என்பான். மாமியாரின் முகம் சுண்டிப்போகும்.

"நான் என்ன ஓட்டலா நடத்துறேன்?" என்று அவன் போனபிறகு என்னிடம் பொருமுவார். "வெளியாளுக்குத்தான் நன்றி சொல்லுவாங்க. நீ ஒரு நாளாச்சும் எனக்குச் சொல்லியிருக்கியா?"

"இல்ல அத்தே."

"அதான். நீ உருப்படாதவன்னாலும் வீட்டுப் பிள்ளை."

இந்த வருஷம் மழைக்கு முன்னால் மாமியாருக்குக் கண்ணில் புரை முற்றி, சோற்றுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. யெப்தான் உதோன் நகர ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்கு அழைத்துப் போனான். பக்கத்திலேயே தரையில் படுத்தான், கஞ்சி ஊட்டினான், வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டான். கட்டு அவிழ்த்து வீடு வந்த மாமியார் முதலில் பார்த்தது என் சட்டையை. "இதைத் துவைக்கவே மாட்டியா?" என்றார். யெப்பிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து சுட்ட மீனின் கன்னச் சதை அவன் தட்டுக்குப் போனது. அதுவரை அது எனக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பப்பாளிக்காய்ப் பச்சடியைக்கூட அவனுக்கு மிளகாய் போடாமல் முதலில் தனியாக இடித்துவிட்டுத்தான் எங்களுக்கு இடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கோ இதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

ஒரு நாள் என் ஐஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"சகலை, நாங்க டென்மார்க் போயிடறோம். விமான டிக்கெட் பாத்து வச்சிருக்கேன்."

"என்னாச்சு?"

"அத்தைக்கு என்னைப் பிடிக்கல. கண்ணு தெரிஞ்சு இவ்ளோ நாளாச்சு, ஒரு நன்றி இல்ல. நன்றிக்காகச் செய்யல. ஆனா ஒரு வார்த்தைகூட இல்லன்னா நான் அந்த வீட்ல யாரு? சாப்பிட்டு நான் நன்றி சொன்னாக்கூட மூஞ்சிய திருப்பிக்கிறாங்க. எங்க ஊர்ல சாப்பிட்டு எழுந்ததும் பெத்த அம்மாவுக்கு அப்படித்தான் சொல்லுவோம். சொல்லாம எழுந்தா எங்கம்மா விட்டதே இல்ல."

போனால் போகட்டும், மீன் கன்னம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை. சாய்பின் அவருக்கு உயிர். "இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றேன். "அவங்க வாழ்க்கை. நான் யாரு குறுக்க நிக்க?" என்று சோற்றுக் கூடையை மூடிவிட்டார். இந்த வீட்டில் எல்லோரும் 'நான் யாரு' என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பௌர்ணமிக்குப் புத்தர் கோயிலுக்கு வழக்கம்போல் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டிய சாய்பினுக்குக் காய்ச்சல். அதனால் மாப்பிள்ளைகள் இருவரும் கூடை தூக்கிக்கொண்டு போனோம். நான் அந்த விடிகாலை நேரத்தில் எழுந்து பார்த்ததே அபூர்வம். பிக்குகளுக்குச் சோறு படைத்தாயிற்று. அவர்கள் ஓதத் தொடங்கியதும், எல்லோரும் சின்னக் குடுவையிலிருந்து கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றியபடி, செய்த புண்ணியத்தை நன்றிக்கு உரியவர்களின் பெயர் சொல்லி அனுப்பினார்கள். அதை மனசுக்குள் சொல்வார்கள். எங்கள் மாமியாருக்குக் காது மந்தம், அதனால் அவருடைய மனசு பக்கத்து வரிசைக்கும் கேட்கும்.

தன் அப்பா அம்மா பெயரைச் சொன்னார். இறந்துபோன மாமனாரின் பெயரைச் சொன்னார். பிறகு நாக்கை மடக்கி, "இங்கர்" என்றார். "எனக்குக் கண்ணு குடுத்த பிள்ளையைப் பெத்த தாய் இங்கர். இந்தப் புண்ணியம் அவளுக்குப் போய்ச் சேரட்டும்."

யெப் என் கையைப் பிடித்தான். "சகலை, அது எங்கம்மா பேரு. செத்துப்போய் எவ்ளோ வருஷம் ஆச்சு. இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்து வந்த பெயர் "புன்மா". அது என் அம்மா.

கிண்ணத்துத் தண்ணீரை அரசமரத்து வேரில் ஊற்றப் போனபோது மாமியாரிடம் கேட்டேன்.

"இவன் பெட்டி மேல அவ படம் இருக்கே" என்றார். "சாய்பின்கிட்ட பேரைக் கேட்டு, நாக்கு சுளுக்குற வரைக்கும் சொல்லிப் பழகினேன். புண்ணியத்தை வெளியே சொல்லக் கூடாதுன்னு அவ வாயையும் கட்டிட்டேன். கட்டு அவுத்ததுலேர்ந்து ஊத்துறேன்."

"எங்கம்மாவுக்கு?"

"உன் கல்யாணத்துலேர்ந்து. நீதான் விடிஞ்சு வெயில் வந்தப்புறம் எந்திரிக்கிறவனாச்சே."

"இவன்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே அத்தே. நன்றியே இல்லன்னு ஊரைவிட்டுப் போறேங்கிறான்."

மாமியாருக்கு நிஜமாகவே புரியவில்லை. "இவன்கிட்ட சொல்ல இவன் என்ன அடுத்த வீட்டுக்காரனா? இப்படி ஒருத்தனை வளர்த்து என்கிட்ட அனுப்பினவகிட்டதானே சொல்லணும்?"

யெப்புக்கு எவ்வளவு புரிந்ததோ, மரத்தடியில் நின்று குழந்தைபோல அழுதான். என்னைப் பெற்றவளின் பெயரை இத்தனை காலம் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வண்டியில் மாமியாரிடம் சொன்னேன். "அத்தே, அவங்க ஊர்ல பெத்த அம்மாவுக்குத்தான் சாப்பிட்டதும் நன்றி சொல்லுவாங்களாம்." வீடு வரும்வரை வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் சாப்பிட்டோம். மீன் கன்னம் யெப்புக்குத்தான். சாப்பிட்டு முடித்தவன், இனி இவரை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, சத்தமில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"ஏய்" என்றார் மாமியார். "வாயில என்ன கொழுக்கட்டையா?"

யெப் நின்றான். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான். "சாப்பாட்டுக்கு நன்றி, அம்மா."

"ம்" என்றார். முகம் சுண்டவில்லை. "டிக்கெட்டு எப்போ?"

"முதல்ல நடவு முடியட்டும். அப்புறம் அறுப்பு இருக்கு. அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றான். சாய்பின் காய்ச்சலோடு உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

எனக்கும் ஏதோ தோன்றியது. கைகூப்பி, "சாப்பாட்டுக்கு நன்றி அத்தே" என்றேன்.

"உனக்கு என்ன கேடு?" என்றார் மாமியார். "போய்ச் சட்டியைக் கழுவு."

போய்க் கழுவினேன்.