சாய்தளத்தை மறித்த மூன்று கட்டைகள்

ஒன்றரை வருடத்துக்கு முன் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் ஒரு வேன் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். மறு மாதமே வாசலின் சாய்தளத்தை மறித்து மூன்று கான்கிரீட் கட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த வண்டியும் அங்கே ஏற முடியவில்லை. புகைப்படக்காரி ஒருத்தியின் அக்காவுடைய சக்கர நாற்காலியும்தான்.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். தினமும் ரயில். இப்போது மேற்கு வாசலுக்குச் சுற்ற வேண்டும். இருபத்தைந்து நிமிடம், பாதி தூரம் நடைபாதையே கிடையாது. ரயில்வேக்கு நான்கு மனு போட்டாள். நான்குக்கும் ஒரே பதில்: 'மேற்படி இடத்தில் அவ்வாறான தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.'

"கண்ணு தெரியலன்னா படம் காட்டுவோம். நீ எதுக்குடி இருக்கே?" என்றாள் தங்கையிடம்.

தங்கையான படக்காரிக்குக் கட்டடங்களைப் படமெடுப்பதுதான் தொழில். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வாசலுக்கு எதிரே பொதுச் சாலையில் ட்ரைபாடை விரித்தாள். அக்காவைக் கட்டைகளுக்கு முன் நிறுத்தி, குறுக்கே அளவு நாடாவைப் பிடிக்கச் சொன்னாள். இடைவெளி ஒன்றே முக்கால் அடி. நாற்காலியின் அகலம் இரண்டே கால். ஒன்பது படம் முடிந்தபோது காவலாளி வந்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

"மேடம், இங்க படம் எடுக்கக் கூடாது."

"அவங்க எல்லாம் எடுக்கறாங்களே?" வாசலில் நாலைந்து பேர் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அது போன். உங்களது பெரிய கேமரா."

"அப்ப கால் வச்ச கேமராவுல எடுத்தாத்தான் குண்டு வைப்பாங்க, போன்ல எடுத்தா வைக்க மாட்டாங்களா?" என்றாள் அக்கா.

காவலாளியின் முகம் செத்துவிட்டது. "அந்த வார்த்தை மட்டும் இங்க வேணாம்மா. அன்னிக்கு நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன். எனக்குப் பதிலா நின்னவன் இன்னிக்கு இல்ல."

அக்காவின் வாயை அடைத்த ஆட்கள் குறைவு. அவள் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் காவலாளி ஏற்கெனவே மேலே தகவல் சொல்லியிருந்தார். இரண்டு பேர் வந்து இருவரையும் பாதுகாப்பு அறைக்கு அழைத்துப்போனார்கள். அந்த அறை வாசலில் ஒரு படி இருந்தது. நாற்காலி ஏறாது. ஆகவே அக்கா நடைவழியில் இருந்தபடியே விசாரணையில் கலந்துகொண்டாள்.

உள்ளே இருந்த அதிகாரி படக்காரியின் அடையாள அட்டையைத் தன் போனில் படமெடுத்தார். பிறகு அவள் முகத்தையும் எடுத்தார்.

"என்னைக் கேக்காம எடுக்கறீங்களே சார்?"

"இது பதிவுக்கும்மா."

"நான் எடுத்ததும் பதிவுக்குத்தான்."

"வாதம் பண்ணாதீங்க. எடுத்ததை அழிச்சிட்டுக் கிளம்புங்க."

"எந்தச் சட்டத்துல அழிக்கச் சொல்றீங்க?"

"பாதுகாப்பு விதி."

"காட்டுங்க, படிச்சிட்டு அழிக்கிறேன்."

"அதையெல்லாம் வெளியாளுக்குக் காட்ட முடியாது. ரகசியம்."

"ரகசியமா வச்சிருக்கிற விதியை நான் எப்படி சார் மீறாம இருக்கிறது?"

"ஏன் சார்," என்று வெளியிலிருந்து குரல் வந்தது, "இல்லாத கட்டையைப் படம் எடுத்தா என்ன குத்தம்? இல்லன்னு நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கீங்களே!"

அதிகாரி எழுந்துபோய்க் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தார். அது நடைவழிப் பக்கம் திறக்கும் கதவு. நாற்காலியில் முட்டி நின்றது.

படக்காரி கேமராவை மேசைமேல் வைத்தாள். "அழிக்கச் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இங்கேயே அழிக்கிறேன்" என்றாள்.

அவர் எழுதவில்லை. யாரிடமோ கேட்டார். அந்த யாரோ இன்னொருவரிடம் கேட்டார். ஒரு மணி நாற்பது நிமிடம். அக்கா மருத்துவமனைக்குப் போன் செய்து அரை நாள் விடுப்புச் சொன்னாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களோடு எத்தனை நேரம்தான் பேசுவது என்று படக்காரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பதிவேட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். அதில் அவள் பெயருக்கு எதிரே 'சந்தேக நபர், விசாரித்து அனுப்பப்பட்டார்' என்றிருந்தது. படங்கள் அவளிடமே இருந்தன.

வெளியே காவலாளி காத்திருந்தார்.

"மேடம், சுவரோரக் கட்டையை ஒரு சாண் தள்ளினாப் போதும். நாற்காலி போகும், வேன் போகாது. வச்ச அன்னிக்கே சொன்னேன்."

"யார்கிட்ட?"

"கேக்க ஆள் இருந்தாத்தானே."

அந்த ஒரு சாண் யோசனையையும் சேர்த்து, ஒன்பது படங்களோடு ஐந்தாவது மனு போனது. யோசனை யாருடையது என்று அதில் எழுதவில்லை. மனுவின் நகல் ஒரு பத்திரிகைக்கும் போனது. படத்தோடு செய்தி வந்த மூன்றாம் நாள் சுவரோரக் கட்டை நகர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை அக்கா சாய்தளத்தில் ஏறினாள். சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒன்றரை விரற்கடை மிச்சம். கூடவே போன படக்காரி கட்டைக்கு மேலே ஒரு புதுப் பலகையைப் பார்த்தாள்: 'இங்கே புகைப்படம் எடுக்கக் கூடாது.' அதில் எந்தச் சட்டம் என்றும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

"இதை யார் வச்சது?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் வந்து மாட்டிட்டுப் போனாங்க மேடம். எனக்கு ஒண்ணும் சொல்லல."

"எந்த விதின்னு கேட்டீங்களா?"

அவர் பாவமாகச் சிரித்தார். படக்காரி பையின் ஜிப்பைத் திறந்தாள், யோசித்தாள், கேமராவை எடுத்தாள்.

"ஏண்டி, ரயில் வந்துடுச்சு. நீ சண்டையை முடிச்சிட்டு வா, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே உருண்டு போனாள்.