டாக்டர் மேல் விழாத வெயில்

டாக்டர் சுந்தரராமன் மேல் பதினெட்டு வருடமாக வெயில் விழவில்லை. ஃபிரிஸ்கோவின் வடக்கு ஓரத்தில் கோயில் கட்டி முடித்து, முதல் உற்சவத்தில் பட்டர் அவர் தலையில் பரிவட்டம் கட்டிய அன்று அது தொடங்கியது. பார்க்கிங் லாட்டைச் சுற்றி சாமி புறப்பாடு. டெக்ஸஸ் ஜூனில் சாயங்காலம் ஆறு மணிக்கும் நூறு டிகிரி. முன்னால் நடந்த டாக்டரைச் சுற்றி மட்டும் வட்டமாக ஒரு நிழல் விழுந்து, கூடவே நகர்ந்தது. மேலே மேகமும் இல்லை, குடையும் இல்லை. அந்தக் காலத்துப் பேரரசர்கள் தங்களுக்கு வேண்டிய நாட்டதிகாரிகளுக்கு வெண்குடை பிடித்துக்கொள்ளும் உரிமையை எழுதிக் கொடுப்பார்களாம். டாக்டருக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயிலுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர், ஊரில் பாதிப் பேருக்கு இதயம் பார்த்தவர். நிழல் வராமல் இருந்திருந்தால்தான் கமிட்டி வருத்தப்பட்டிருக்கும். மறுநாள் அது மருத்துவமனை வாசலுக்கும் வந்தது, பிறகு கால்ஃப் மைதானத்துக்கும் வந்தது. வெயிலே படாததால் வைட்டமின் டி குறைந்துபோய், அதற்கு அவர் மாத்திரை சாப்பிடத் தொடங்கினார்.

நிழல் ஓர் ஆளுக்குத்தான் கொள்ளும். ஆனாலும் அதன் ஓரத்துக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. காரிலிருந்து கோயில் வாசல்வரை டாக்டர் நடக்கும்போது சிட்டிசன் ஆனவர்கள் அதை ஒட்டி நடந்தார்கள். க்ரீன் கார்டுக்காரர்கள் ஒரு கை தள்ளி, ஹெச்-1பிக்காரர்கள் அவர்களுக்கும் பின்னால். யாரும் விதி போடவில்லை, யாரும் மீறவும் இல்லை. பையனுக்கு இன்டர்ன்ஷிப், மாமனாருக்கு அப்பாயின்ட்மென்ட் என்று கேட்க வேண்டியதையெல்லாம் அந்த நடையில்தான் கேட்டுக்கொண்டார்கள். நிழல் தோளில் பட்டால் க்ரீன் கார்டு சீக்கிரம் வரும் என்று ஒரு பேச்சு கிளம்பியதில், இரண்டு பக்கமும் ஆள் நெருக்கி, சில வருடம் டாக்டர் கோணலாக நடக்க வேண்டியிருந்தது.

அவர் மனைவி நாகலக்ஷ்மி எல்லோருக்கும் பின்னால், வெயிலில், டாக்டரின் கண்ணாடிக் கூட்டையும் தண்ணீர் பாட்டிலையும் சுமந்துகொண்டு வந்தார். ஆரம்பத்தில் ஒரு தடவை நிழலுக்குள் கால் வைத்துப் பார்த்தார். அது விரலில் படாமல் சுருங்கிக்கொண்டது. கன்னத்தில் கருந்திட்டு விழுந்தபோது, வெயிலில் போகாதீர்கள் என்று ஸ்கின் டாக்டர் சொல்லி அனுப்பினார். சுந்தரராமன் கெட்டவர் இல்லை. திரும்பிப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் இதை எழுதும்போது கோபம் வரத்தான் செய்கிறது. ஒரே ஒரு சுற்றாவது அவர் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பது நாகலக்ஷ்மியின் ஆசை. அதை யாமினியிடம் மட்டும் சொல்லியிருந்தார். புருஷனுக்கு இங்கே வேலை கிடைத்துப் போன வருடம் வந்து இறங்கிய பெண் யாமினி. கடைசி வரிசையில் அவருக்குத் துணை அவள்தான்.

இந்த வருட உற்சவத்தில், பரிவட்டத்தோடு டாக்டர் முன்னால் நடந்துகொண்டிருக்க, நாகலக்ஷ்மி தார்த்தரையில் சாய்ந்தார். “அங்கிள்! ஆன்ட்டி கீழ விழுந்துட்டாங்க!” என்று யாமினி கத்திய கத்தலில் மேளம் நின்றது. டாக்டர் ஓடி வந்தார், நிழலும் ஓடி வந்தது. சிலர் ஐஸுக்கு ஓடினார்கள், சிலர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், மற்றவர்கள் பழக்கதோஷத்தில் நிழலிலிருந்து அவரவர் தூரத்தில் நின்றார்கள். நாடி இருந்தது. ஆனால் முகத்தில் வெயில் நேராக அடித்தது. மறைப்பதற்காக டாக்டர் குனிந்தார். நிழல் அவரோடு குனிந்து, நாகலக்ஷ்மியின் முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார். அவருக்கு மட்டும் குளுகுளுவென்று இருந்தது. ஊருக்கே இதயம் பார்த்தவருக்கு அழுகை வந்துவிட்டது. தலையிலிருந்த பரிவட்டத்தை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்தார்.

“சார், அது பெருமாள் வஸ்திரம்” என்றார் பட்டர்.

“தெரியும்” என்று சொல்லி, அதை மனைவியின் தலையில் சுற்றினார். நிழல் அவரை விட்டு நகர்ந்துபோய், காலியாக இருந்த ஒரு பார்க்கிங் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பதினெட்டு வருடம் கழித்து வெயில் சுந்தரராமன் முதுகில் விழுந்தது. அவருடைய சொந்த நிழல், எல்லோருக்கும் இருப்பதுபோல ஒரு சாதாரண நிழல், நாகலக்ஷ்மியின் முகத்தில் விழுந்தது. நாகலக்ஷ்மி கண் திறந்தார்.

“ஏன் கூப்பிடலை நீ?”

“கூப்பிட்டேனே. எல்லாரும் அங்கிள் அங்கிள்னு கூப்பிட்டுண்டு இருந்தா. அதுல என் குரல் எப்படிக் கேக்கும்?”



நிழல் இன்னும் பார்க்கிங் லாட்டில்தான் இருக்கிறது. நன்கொடையாளர்களுக்கு மட்டும் என்று கமிட்டி அங்கே பலகை நட்டது. நிழல் பக்கத்து இடத்துக்கு மாறியது. பலகையை அங்கே நகர்த்தினார்கள், அது அடுத்ததற்குப் போனது. கடைசியில் கமிட்டிதான் சலித்துப்போனது. இப்போது முதலில் வருகிறவர் நிறுத்திக்கொள்கிறார். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு விட்டுக்கொடுப்பதும் உண்டு. டாக்டர் கிடைத்த இடத்தில் காரைப் போட்டுவிட்டு, ஒரு கறுப்புக் குடையை விரித்து, நாகலக்ஷ்மிக்குப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்து வருகிறார். குடை பிடித்துப் பழகாத கை, கண்டபடி சாய்கிறது. ஒரு தோள் எப்போதும் வெயிலில் இருக்கிறது, அது டாக்டருடையது. வைட்டமின் டி மாத்திரையை நிறுத்திவிட்டார்.