நாலாம் நம்பர் மெஷினில் மிச்சத் தாள்

திண்டிவனத்தில் நான் போகும் டைப்ரைட்டிங் வகுப்பில் ஒரு விதி உண்டு. பாதி அடித்த தாளைத் தூக்கிப் போடக்கூடாது. உருளையிலேயே விட்டுவிட வேண்டும்; அடுத்த பேட்ச் ஆள் மிச்ச இடத்தில் விரல் பழகிக்கொள்ள வேண்டும். பூமாலை மாஸ்டர் இதில் கறார். வகுப்பில் பேசுவதற்கும் அனுமதி இல்லை.

நாலாம் நம்பர் மெஷின் ஐந்து மணிக்கு அன்புச்செல்விக்கு, ஆறு மணிக்கு எனக்கு. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நான் இ-சேவை மையத்தில். அவள் படியிறங்கும்போது நான் ஏறுவேன். நான்கு மாதத்தில் அவ்வளவுதான் பழக்கம்.

ஜூலை 7 அன்று (டைரியில் தேதி இருக்கிறது) அவள் விட்டுப்போன தாளின் அடியில் 'சும்மா' என்று ஒரு சொல் இருந்தது. பாடத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. 'எதற்கு?' என்று கீழே அடித்து, மெஷினுக்கு அடியிலிருக்கும் ரப்பர் விரிப்புக்குள், அவள் கண்ணில் படும்படி ஓரம் மட்டும் தெரிய, தாளை வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் பதில் இருந்தது: 'பெரிய விஷயமில்லை என்று சொல்ல இன்னொரு சொல் அடிக்கவும். ஒரு நாளைக்கு ஒன்று. வந்த சொல்லே திரும்ப வந்தால் தோல்வி.'

'மொக்கை' அடித்தேன். அவள் 'சப்பை' என்றாள். நான் 'டப்பா'. ஒரு நாள் அவள் 'லொட்டு லொசுக்கு' என்று அடித்திருந்ததைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். டைரியில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன்: தேதி, சொல், யாருடையது.

இப்படி இருபத்தாறு நாள். அதன் பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, இன்னும் வராத சொற்களையெல்லாம் சேர்த்தேன். முப்பத்துநான்கு. அகரவரிசைப்படுத்தினேன். 'ஜுஜுபி'யை எங்கே வைப்பது என்பதற்கே அரை மணி நேரம் போனது. திங்களன்று எல்லாவற்றையும் ஒரு பிழையில்லாமல், ஓரம் நேராக வரும்படி அடித்து விரிப்புக்குள் வைத்தேன். அவள் அசந்துபோவாள் என்று நினைத்தேன்.

செவ்வாயன்று தாளின் அடியில் ஒன்றுமில்லை. புதன், வியாழன், வெள்ளியும் அப்படியே. படியில் எதிர்ப்பட்டபோது கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே இறங்கிவிட்டாள். டைரியில் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பத்து முறை படித்துப் பார்த்தேன். 'உதவாக்கரை' மனிதர்களைச் சொல்வதாயிற்றே, தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாளோ? அடுத்த நாள் விழுப்புரத்தில் இளநிலைத் தேர்வு. அது முடிந்தால் அவள் வகுப்புக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

தேர்வுக்கு அவரவர் மெஷினை எடுத்துப் போக வேண்டும். சனிக்கிழமை காலை மினி வேனில் ஏற்றினோம். "நாலாம் நம்பருக்கு ரெண்டு பேரு. ரெண்டு பேருமே புடிச்சித் தூக்குங்க, கீழ போட்டுடாதீங்க" என்றார் மாஸ்டர். விழுப்புரத்தில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தேர்வுக்கூடத்தின் மாடிப்படி ஏறினோம்.

முதல் திருப்பத்தில் கேட்டேன். "எம்மேல கோவமாங்க?"

"பின்ன இன்னா சார்? இருந்ததையெல்லாம் ஒரே நாள்ல கொட்டிட்டீங்க. எங்கிட்ட மிச்சம் இருந்ததே மூணு. அந்த மூணும் உங்க லிஸ்ட்டுல இருக்குது. நான் இன்னாத்த அடிக்கிறது?"

"ஜெயிக்கணும்னு பண்ணலங்க."

"ஜெயிச்சிட்டுப் போங்க, அத விடுங்க. தெனம் லேப்ல டியூப்புக்கு லேபிள் ஒட்டிக்கினே நாலு மணி வரைக்கும் இன்னிக்கு இன்னா வார்த்தைனு யோசிப்பேன். அதுக்கும் வேட்டு வெச்சிட்டீங்க."

மெஷின் திடீரென்று கனத்தது. நான் இறக்கி வைத்தேன். அவளும் இறக்கினாள்.

"அந்தத் தாளக் கிழிச்சிடறேங்க," என்றேன்.

"ஒண்ணும் வாணாம். கரெக்டா மார்ஜின்லாம் வெச்சி அடிச்சிருக்கீங்க, பாவம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி மெஷினைப் பிடித்தாள். "ஜல்தி தூக்குங்க. எனக்கு முத பேட்ச்."

அவள் முதல் பேட்சில் எழுதினாள், நான் இரண்டாவதில். நான் உட்கார்ந்தபோது விசைகள் இன்னும் லேசாகச் சூடாக இருந்ததாகத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

திரும்பும் வழியில், முதுநிலைக்கு யார் யார் சேர்கிறீர்கள் என்று மாஸ்டர் கேட்டார். அன்புச்செல்வி கை தூக்கினாள். நானும் தூக்கினேன்.

"ரெண்டு பேருக்கும் ஆறு மணியே போட்டுடவா? ஒருத்தருக்கு ஏழாம் நம்பர் தர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "வாணாம் சார். நான் அஞ்சு மணிக்கே வர்றேன். நாலாம் நம்பரே இருக்கட்டும்."

திங்களன்று போனபோது உருளையில் பாதித் தாள் இருந்தது. அடியில் 'தம்மாத்தூண்டு'. டைரியைப் பிரித்துப் பார்த்தேன். என் முப்பத்துநான்கில் அது இல்லை. என்னிடம் பதிலுக்கு ஒரு சொல்லும் இல்லை. 'நாளை' என்று மட்டும் அடித்து வைத்தேன்.

வீட்டில் அம்மா மல்லாட்டையைக் கொட்டிவைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். டைரியும் பேனாவுமாக எதிரில் போய் உட்கார்ந்து, "சின்ன விசயத்துக்கு நீ இன்னான்னு சொல்லுவம்மா?" என்றேன்.

"வந்து உரிடா! இந்தச் சில்லுண்டி வேலைக்கு ஒரு நோட்டு, அந்த அல்பசொல்பத்துக்கு ஒரு பேனா!"

இரண்டு சொல்லையும் குறித்துக்கொண்டேன். செவ்வாயன்று ஒன்றை மட்டும் அடித்தேன்.