ஆளுக்கு ஓர் அடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். "சொத்தைப் பல்லா?" என்றேன். "நல்ல பல்லுதாங்க. அடிச்சு ஆட்டிட்டாங்க" என்றாள். முக்கால்வாசி சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வரும்போது வாய் நிறையப் பஞ்சு. மிச்சத்தை எப்படிக் கேட்பது?

அன்றிலிருந்து எழுதுகிறேன், கிழிக்கிறேன். கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது இன்னும் அடங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "அந்த ஆலையின் ஜன்னல்களில் மாலை வெயில் தங்கத்தை உருக்கி—" வேண்டாம். அங்கே ஜன்னலே கிடையாதாம்.

இரண்டாவது: "சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட அவள், மனிதர்களிடம்—" சீ, என் புத்திசாலித்தனம் எனக்கே சகிக்கவில்லை.

நேராகவே சொல்கிறேன். சட்டை தைக்கும் கம்பெனி. பல் டாக்டரிடம் நான் பார்த்தவள் அங்கே செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் பார்த்துத் தப்பு இருந்தால் ஒதுக்குவாள். அதிகம் பேசாததால் 'ஊமைக்கோட்டான்' என்று பட்டப்பெயர். அவள் அக்கா அதே லைனில் காலர் தைக்கிறாள். இவள் குடியிருப்பதும் அக்கா வீட்டில்தான்.

கொஞ்ச நாளாக எல்லாருடைய டிபன் பாக்ஸிலிருந்தும் யாரோ அவித்த முட்டையை மட்டும் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். (சிரிக்காதீர்கள். நானும் சிரித்தேன், இப்போது அனுபவிக்கிறேன்.) ஒருநாள் பட்டன் வைக்கிற பெண் கையும் களவுமாக, சரியாகச் சொன்னால் வாயும் முட்டையுமாக, மாட்டிக்கொண்டாள்.

3

இங்கேதான் பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் அது கெட்ட கூட்டம் இல்லை. மேலே சொன்னால் பட்டன்காரிக்கு வேலை போய்விடும், பாவம், கைக்குழந்தைக்காரி என்று அத்தனை பேருக்கும் மனசு இளகியது. அதனால்தான் அந்தத் தீர்ப்பு: ஆளுக்கு ஓர் அடி, கன்னத்தில். அத்தோடு விஷயம் முடிந்தது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் அடித்துவிட்டால் எவளும் காட்டிக்கொடுக்க முடியாதல்லவா! சூப்பர்வைசர்* எதையும் பார்க்காத மாதிரி கைகழுவப் போய்விட்டார்.

(* இவருக்கு இந்தக் கதையில் இதற்கு மேல் வேலையில்லை.)

சாப்பாட்டு அறையில் வரிசை நின்றது. சிலர் ஓங்கி அறைந்தார்கள். சிலர் பட்டும் படாமலும் தட்டிவிட்டு, "இனிமே செய்யாதம்மா" என்று ஆறுதலும் சொன்னார்கள். ஊமைக்கோட்டான் முறை வந்தது.

"நான் அடிக்கல."

"ஏன்? உன் முட்டையையும்தானே தின்னா?"

"தின்னாதான். அதுக்கு நான் அடிக்கணுமா?"

"நீ மட்டும் பெரிய இவளா? அப்ப நாங்கல்லாம் ராட்சசிங்களா?"

"நாளைக்கே இவ மேலிடத்துல போய் வத்தி வெச்சா?"

"வெக்க மாட்டேன்."

"அப்படின்னா அடி!"

அக்கா ஓடிவந்து காதைக் கடித்தாள். "பேருக்குத் தொட்டுட்டு வாடி. மானத்த வாங்காத."

அப்போது பட்டன்காரியே காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "அடிச்சிடுங்கக்கா. உங்க ஒரு அடியிலதான் என் வேலையே நிக்குது." (அடிபட்டவளே கெஞ்சுவாளா என்று கேட்பீர்கள். ஐயோ, நானும் அதைத்தான் கேட்டேன்.)

ஊமைக்கோட்டான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

4

இதுவரை எழுதித் தெரிந்தவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாரும் ஒரே கேள்வி: அவள் ஏன் அடிக்கவில்லை? "சின்ன வயசுல அப்பாகிட்ட நிறைய அடி வாங்கியிருப்பாளோ?" என்றார் என் வீட்டுக்காரர். "முன்கதை ஒண்ணு போட்டுடுங்க" என்றார் பதிப்பாளர். போட்டுப் பார்த்தேன். குடிகார அப்பா, செத்துப்போன தங்கை, கனவில் வந்த ஒரு பெரியவர். ஒன்றுகூட ஒட்டவில்லை. அவளிடமே கேட்டிருந்தேனே! "தோணல, அடிக்கல" என்பதற்கு மேல் அவளிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. மற்றவர்கள் ஏன் அடித்தார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும்தான். வரிசையில் நிற்கிறவர்களை விட்டுவிட்டு, விலகி நின்றவளைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தோம், நானும் என் வாசகர்களும்.

5

அடுத்து வருவதை நானாக எழுதத் துணிந்திருக்க மாட்டேன். அவள் சொன்னது.

"அடிக்கலன்னா அவளும் திருடிக்குக் கூட்டுதான். அவளுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுங்க" என்று யாரோ சொன்னார்கள், சிரித்துக்கொண்டே. யார் முதலில் என்று ஒரு தயக்கம். பட்டன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். விட்டாள் ஓர் அறை. பல் ஆடியது அதில்தான்.

உடனே வரிசையில் நகர்ந்து பட்டன்காரிக்கு இடம் கொடுத்தார்கள். ஒருத்தி தண்ணீர்கூடக் கொடுத்தாளாம்.

"உங்களுக்கு ஆத்திரம் வரலையா?" என்றேன்.

"ஆத்திரம் இல்லைங்க. அப்படியே அசந்துபோயிட்டேன். சின்னக் கைங்க அவளுக்கு."

6

முடிவு அ: வேலை மணி அடித்தது, எல்லாரும் கலைந்தார்கள். கோழைத்தனம். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: கூட்டத்திலிருந்து இன்னொருத்தி, "நானும் அடிக்க மாட்டேன்" என்று இவள் பக்கம் வந்து— பொய். வந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பாள்.

முடிவு இ: வரிசையில் அடுத்து நின்றவள் அக்கா. பின்னால் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் சாயங்காலம் இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் போக வேண்டும். தங்கை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அக்காவின் கை மேலே போகிறது. போய்—

இங்கேதான் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. அக்கா அடித்தாள் என்று எழுதினால், ஏன் அடித்தாள் என்று காரணம் எழுத வேண்டும். அடிக்கவில்லை என்று எழுதினால் காரணம் எதுவும் எழுதக் கூடாது.