பூ மாதிரி இருக்கு மாமா

மனிதகுல வரலாற்றில் மிக அபூர்வமாகவே நிகழும் ஒரு சம்பவம் அன்று காலை ஒன்பதரை மணிக்கு நிகழவிருந்தது என்பதைச் சகலருக்கும் அறிவித்துக்கொள்கிறோம்: ஒரு மருமகன் தன் மாமனாரிடம் உண்மை பேசத் தீர்மானித்திருந்தான். இதை முன்னிட்டுக் கொடி எதுவும் ஏற்றப்படவில்லை. விடுமுறையும் விடவில்லை. மருமகனின் வலது கையில் சவரக் கத்தி இருந்தது. இடது கை மாமனாரின் தாடையைப் பிடித்திருந்தது. ஒரு கன்னம் முடிந்துவிட்டது. மற்றதில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கத்தியைக் கழுத்துல வச்சுக்கிட்டு என்ன சொன்னாலும் கேட்டுத்தானே ஆகணும். சொல்லுங்க மாப்பிள்ளை."

முந்தின நாள் மாலை வந்து பார்த்த டாக்டர், செருப்பை மாட்டிக்கொண்டே "ரெண்டு நாள், மிஞ்சினா மூணு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆகவே தள்ளிப்போட இனி இடமில்லை. பதினோரு வருடம் தள்ளிப்போட்டாகிவிட்டது.

மாமனார் ஒரு கருவித் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். கான்கிரீட்டில் ஓட்டை போடும் ஹேமர் டிரில் இருக்கிறதே, அதன் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கும். காற்று ஓர் இரும்புக் கட்டியைத் தள்ளும். அந்தக் கட்டி நிமிடத்துக்கு நாலாயிரம் தடவை துளைபோடும் பிட்டின் பின்னால் அடிக்கும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் சுவருக்குப் போகாமல் திரும்பி, பிடித்திருப்பவன் கைக்கு வரும். அந்தக் கொஞ்சத்தை நடுவழியில் மறிப்பதுதான் அவருடைய உத்தியோகம். பாலம் கட்டியவர்களுக்குச் சிலை வைக்கிறார்கள். ஓட்டை போடுகிறவன் கை நோகக் கூடாதென்று ஆயுசு முழுக்க யோசித்தவருக்கு ஒரு மேசையும் அதன் மேல் சுழலாத ஒரு மேசை விசிறியும் கொடுத்திருந்தார்கள்.

மருமகன் சீலிங் வேலை செய்கிறவன். நாள் முழுக்க ஏணி மேல் நின்று, தலைக்கு மேலே துளை போட்டு, கண்ணில் தூசி வாங்குகிற பிழைப்பு. கல்யாணமாகி மூன்று மாதத்தில் மாமனார் ஒரு புதுக் கருவியைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். கைப்பிடிக்கும் கருவியின் உடம்புக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்தது. அந்த மாதிரிக் கைப்பிடியை அவர்தான் வரைந்திருந்தார். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க மாப்பிள்ளை. லேப் மீட்டர் என்ன வேணா சொல்லும். கை என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியணும்."

கை என்ன சொன்னதென்றால், முதல் நாளே மரத்துப்போய்விட்டதென்று சொன்னது. ஆனால் புது மாப்பிள்ளை. எதிரே பெண்ணைக் கொடுத்தவர். சாப்பாட்டு மேசையில் மாமியார் வேறு இன்னொரு கரண்டி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"பூ மாதிரி இருக்கு மாமா" என்றான்.

அந்த வாக்கியம் பிறகு பெரிய நிலைக்கு வந்தது. விளம்பரப் பிரிவுக்குப் போய், 'பூப்போன்ற பிடி' என்று பெட்டியின் நான்கு பக்கமும் அச்சாகி, ஒரு ரோஜாவும் சேர்ந்துகொண்டது. மருமகனுக்கு மட்டும் மூன்று பெட்டி இனாமாக வந்தது. அவன் அவற்றை வைத்தே பிழைத்தான். நாலு வருடத்துக்கு முன் மாமனார் வேறொரு மாடலைக் கொண்டுவந்து, "இனிமே இதை வச்சுக்குங்களேன்" என்றபோதுகூட, "எனக்கு உங்க பூவே போதும் மாமா" என்று விசுவாசத்தின் உச்சியில் நின்று சொல்லி, புதியதைப் பரண் மேல் போட்டுவிட்டான். இப்போது காலையில் எழுந்தால் வலது கையின் மூன்று விரல் நுனிகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறாள்.

இவ்வளவையும் அவன் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கத்தியைத் தண்ணீரில் அலசி, துடைத்து, திரும்பவும் அலசி, "அந்தக் கைப்பிடி நல்லா இல்லை மாமா. அன்னிக்கே நல்லா இல்லை. நான் பொய் சொல்லிட்டேன்" என்றான்.

மாமனார் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். சமையலறையில் மாமியார் குழாயை மூடினாள்.

"தாள் எடுங்க" என்றார்.

"என்ன மாமா?"

"தாளும் பேனாவும். எந்த விரல்ல முதல்ல ஆரம்பிச்சுது?"

மருமகன் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டான். திட்டு விழும் என்று பதினோரு வருடமாக எதிர்பார்த்திருந்தவனுக்குக் கேள்வித்தாள் வந்துவிட்டது.

"மோதிர விரல்."

"எத்தனை துளைக்கு அப்புறம்?"

"பத்து, பன்னண்டு."

"தரையிலயா, தலைக்கு மேலயா?"

"தலைக்கு மேல. கீழேர்ந்து முட்டுக்குடுத்துத் தள்ளணும்ல."

"எவ்வளவு தள்ளுவீங்க? அழுத்திக் காட்டுங்க." மருமகன் அவருடைய உள்ளங்கையைத் தேடினான். "அங்க வேண்டாம். அந்தக் கைக்கு இருபது வருஷமா ஒண்ணும் தெரியாது. எல்லா மெஷினையும் அதுதானே பிடிச்சுது. கம்பெனியில சொல்லல. சொல்லியிருந்தா, குருடனை வச்சுக் கலர் பார்க்குறீங்களான்னு சிரிச்சிருப்பானுங்க. என் கை சரியா இருந்தா அன்னிக்கு உங்க கையை ஏன் கேக்குறேன்? தோள்ல அழுத்துங்க."

மருமகன் தோளில் கை வைத்தான். எலும்பு தட்டியது. மெதுவாக அழுத்தினான்.

"மறுபடியும் பொய் சொல்றீங்க மாப்பிள்ளை."

நிஜமாகவே அழுத்தினான். கட்டில் கிறீச்சிட்டது. மாமனாரின் மூச்சு ஒருகணம் நின்று, விசிலடித்துக்கொண்டு திரும்ப வந்தது.

"ஆங். இதுதான். லேப்ல நாங்க இதுல பாதி கூட அழுத்தல. இவ்வளவு தள்ளினா ஸ்பிரிங் அடியில போய் உட்கார்ந்துடும். உட்கார்ந்துட்டா அது ஸ்பிரிங் இல்ல, வெறும் இரும்பு. எழுதுங்க. ஒண்ணு மெலிசா, ஒண்ணு தடியா, ரெண்டு ஸ்பிரிங். மெலிசு முடியிற இடத்துல தடி ஆரம்பிக்கணும்."

கண் மூடி மூடித் திறந்தபடி முக்கால் மணி நேரம் சொன்னார். நடுவே மாமியார் எட்டிப் பார்த்து, "பாதி மூஞ்சியோட என்ன ஆபீஸ் நடக்குது இங்க?" என்றாள். "மாப்பிள்ளை வாயைத் திறந்திருக்கார், நீ போ" என்று விரட்டினார். மாமனாரும் மருமகனும் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை. அதற்கு முன் சாதனை, மோட்டார் சைக்கிள் மைலேஜ் பற்றி நாலு நிமிடம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கடைசியில் கேட்டார்.

"நீங்க மாமனாராச்சே."

அவர் சிரிக்க முயன்று இருமினார்.

"இதைக் கம்பெனிக்குக் குடுத்துடட்டுமா மாமா?"

கண்ணைத் திறக்காமல், "குடுங்க, குடுங்க" என்றார். பிறகு தூங்கினார். பகல் இரண்டு மணிக்கு மாமியார் ஸ்பூனில் தண்ணீர் கொண்டுபோனபோது, வாய் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

மனைவி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். மாமியார் அழவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கன்னத்தையும் முடிச்சிருங்க. ஆளுங்க வருவாங்க" என்றாள். மருமகன் புதிதாக நுரை எழுப்பினான். தோல் குளிர்ந்திருந்ததால் கத்தி நன்றாக வழுக்கியது. ஒரு கீறல் கூட விழவில்லை.

மறுநாள் காலை தொழிற்சாலையின் பொது மேலாளர் இரண்டு கார்களில் வந்தார். ஒன்றில் அவர், மற்றதில் மலர்வளையம். வீட்டு முன் போட்டிருந்த நாற்காலிகளின் நடுவே நின்று பேசினார். அந்தக் கைப்பிடி வெறும் கைப்பிடி அல்ல, அது மனிதனும் இயந்திரமும் குலுக்கிக்கொண்ட கை என்றார். இந்த நிமிடமும் எங்கோ ஓர் எளிய தொழிலாளி 'பூப்போன்ற பிடி'யைப் பற்றியபடி இவரை வாழ்த்திக்கொண்டிருப்பான் என்றார். எளிய தொழிலாளி முன் வரிசையில், பொத்தான் ஒன்று தவறிய சட்டையுடன், கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பேச்சு பதினாலு நிமிடம் போயிற்று. இரண்டு இடத்தில் இறந்தவருக்கு வேறொருவருடைய பட்டத்தையும் வழங்கினார்.

முடிந்ததும் மருமகன் மருந்துச் சீட்டை நீட்டினான். "கடைசியா சொன்னது சார். அந்தக் கைப்பிடியில செய்ய வேண்டிய மாத்தம்."

பொது மேலாளர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "போர்டு மீட்டிங்ல வைக்கிறேன். இது எங்களுக்கு உயில் மாதிரி" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

அவரோடு வந்திருந்த, சோதனைக்கூடத்தில் இருபத்தைந்து வருடமாக டிரில் ஓட்டிய பெரியவர் மட்டும் பின்தங்கி, குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எந்தக் கைப்பிடியைச் சொல்றீங்க? பூ மாடலா?"

"ஆமாங்க."

"அதை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சே. இந்த மேலாளர் வந்து எட்டு மாசம்தான், இவருக்குத் தெரியாது."

"நிறுத்தியாச்சா? மாமாவுக்குத் தெரியாதோ?"

"நல்லாக் கேட்டீங்க! நிறுத்தச் சொல்லி எழுதினதே அவர்தானே. நம்ம மீட்டர் எல்லாம் சரின்னு காட்டுதேன்னு நான் சண்டை போட்டேன். அவரோ, 'சீலிங் வேலை பார்க்குற ஒருத்தரைச் சாப்பிடும்போது பார்த்தேன், விரல் வெளுத்திருக்கு, அவர் வாயால சொல்ல மாட்டார்'னார். ரெண்டு ஸ்பிரிங் போட்டு அடுத்த மாடலை அவரேதான் வரைஞ்சார்." செருப்பு கிடைத்துவிட்டது. "ஏன் தம்பி, உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னார்" என்றான் மருமகன்.

பெரியவர் விடைபெறக் கை நீட்டினார். மருமகனும் நீட்டினான். பிடித்த கையைப் பெரியவர் உடனே விடாமல், திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டு, தெருவைத் தாண்டிக் காருக்குப் போனார்.

மருந்துச் சீட்டில் எழுதியிருந்தது எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை.